என் முகத்துக்குப் பார்த்த சுண்ணாம்பு

எங்கள் வீட்டு ஆசாரத்துக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று முடிவு செய்ய, என் முகத்தைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆசாரம் என்றால் வாசலைத் தாண்டியதும் வருகிற பெரிய கூடம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். கோபம் ஆறவில்லை. வயதானால் எல்லாம் ஆறிப்போகும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வாயில் வருவது கோயமுத்தூர்ப் பேச்சு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். எங்கள் சொந்தத்தில் கல்லூரி முடித்த முதல் பெண் நான். மூன்று வருஷம் பக்கத்துப் பாலக்காட்டுச் சித்தூருக்குப் பஸ்ஸில் போய் வந்து, வேதியியலில் முதல் வகுப்பு வாங்கினேன். அந்தச் சான்றிதழை அப்பா நிலப் பத்திரங்களோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்கு வருகிற வில்லேஜ் ஆபீஸ்காரர் வரைக்கும் எடுத்துக் காட்டியிருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் அதைக் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் மார்கழிக்கு முன்னாலேயே இரண்டு கூட்டம் வந்து போயிருந்தது. முதலில் வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்து, ஜாதகம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். இரண்டாவதாக வந்தவர்கள் நேர்மையானவர்கள். பெண் கொஞ்சம் நிறம் மட்டு என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பரீட்சையில் தோற்றவளைப் போல நான் வீட்டுக்குள் வளைய வந்தேன். நான் எழுதாத பரீட்சை அது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒருவர் என்னிடம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என்னை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

தை பிறந்ததும் அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்த சகோதரி, பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் நாள் பார்ப்பதிலிருந்து மாடு வாங்குவது வரைக்கும் அவள் சொல்வதுதான் முடிவு. மூன்றாவது இடம் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. பத்து நாளில் வருகிறார்கள் என்றாள். பிறகு ஆசாரத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாலு பக்கமும் சுவரைப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு எதிரில் நிற்கச் சொன்னாள். என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"கொறை புள்ளை மேல இல்லைடா. செவுரு வெளுப்பா இருக்கறதுனால மொகம் கறுப்பாத் தெரியுது. செவுத்தைக் கொஞ்சம் எறக்குனா மொகம் ஏறும்."

எங்கள் ஊர்களில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பார்கள். வேட்டிக்குப் போடுகிற அதே நீலம். வெயில் பட்டால் கண் கூசும். யார் வீட்டுச் சுவர் அதிகம் கூசுகிறது என்பதில் ஊருக்குள் போட்டியே உண்டு, அதில் அப்பா எப்போதும் முன்னால் நிற்பவர். பொங்கலுக்கு அடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லையே என்று மெல்ல இழுத்தார். சுவர் முக்கியமா பிள்ளை முக்கியமா என்று அத்தை கேட்டாள். பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் சந்தனக் கலர் அடித்திருந்தார்களாம். என்னைவிட நிறம் மட்டான பெண் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தபோது மாநிறமாகத் தெரிந்தாளாம். ஒரே வாரத்தில் நிச்சயமாகிவிட்டதாம். என்னைக் காப்பாற்ற வந்தவளைப் போல அத்தை என் தாடையைத் தடவினாள். அம்மா தூணோடு நின்றிருந்தாள். அவள் எதிலும் ஒரு வார்த்தை பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு எனக்கு அவள் மேல்தான் அதிகம் எரிச்சல் வந்தது.

மறுநாள் சுண்ணாம்பு அடிக்கிறவரை வரவழைத்தார்கள். நாற்பது வயது இருக்கும். வருஷா வருஷம் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு அடிப்பவர் அவர்தான். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். மஞ்சள் காவிப்பொடி, செங்காவி, சுவரில் சாய்ந்தால் துணியில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரப் பசை எல்லாம் வாங்கி வந்தார். முறம் அகலத்துக்கு நாலு கட்டம் சுவரில் அடித்தார். ஒவ்வொன்றும் ஒரு கலவை. நான் முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் உட்காரப்போகிற இடத்தில் அத்தை உட்கார்ந்துகொண்டாள்.

இக்கட்டால வா, இந்தப் பக்கமாத் தள்ளி நில்லு, மொகத்தைத் தூக்கு, சிரி, சிரிக்காதே என்று காலை முழுவதும் நடந்தது. அரக்குப் புடவையோடு ஒரு முறை, பச்சைப் புடவையோடு ஒரு முறை. அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலாகப் பார்த்து, இரண்டாவது பரவாயில்லை என்றார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அங்கேயாவது மாட்டுக்குப் புரியாது. எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும், சொன்ன பக்கமெல்லாம் திரும்பி நின்றேன்.

அந்தக் கூடத்தில் வெட்கப்பட்ட ஒரே ஆள் சுண்ணாம்பு அடிக்கிறவர்தான். வாளியைக் கிளறுவதுபோலக் குனிந்தே இருந்தார். நீயே சொல்லு, எதில் எடுப்பாக இருக்கிறது என்று அத்தை அவரை விடாமல் கேட்டாள். அவர் நிமிரவில்லை.

"எனக்குச் செவுரு மட்டுந்தானுங்க பாக்கத் தெரியும்" என்றார்.

அத்தை ஒரு தப்புச் செய்தாள். பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. சுண்ணாம்புக் கலவை ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு நிறத்துக்குப் போய்விடும். ஈரத்தில் பார்த்தால் முட்டைக்கரு மாதிரி மஞ்சள் அடிக்கும். அதைப் பார்த்ததும் அத்தை, அய்யோ இது காமாலைக்காரி மாதிரி ஆக்குகிறது, சுண்ணாம்பைச் சேர் என்பாள். சேர்த்து அடிப்பார். ராத்திரியெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். காலையில் பார்த்தால் சுவர் காய்ந்து மறுபடியும் பழைய வெள்ளைக்கே வந்திருக்கும். உடனே காவியை அள்ளிப் போடச் சொல்வாள். மூன்று நாள் இப்படியே போனது. காயட்டும் என்று அண்ணா ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். உனக்கென்ன தெரியும் என்று அத்தை வாயை அடைத்துவிட்டாள். சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாக ஆனது. நான் நாள் முழுக்கத் திட்டுக்குத் திட்டு நகர்ந்து நின்றேன்.

நாலாம் நாள் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதைச் செய்தது அத்தை இல்லை, நான். எனக்குத் தாங்கவில்லை. படித்தவளின் கண்ணுக்கு முன்னால் மூன்று நாளாக ஒரு கலவையைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து, நான் கலக்குகிறேன் அண்ணா என்று வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அளவுக்கு ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு இத்தனை பெட்டி மஞ்சள் காவி, இத்தனை செங்காவி என்று போட்டு, உடைந்த ஓட்டுத் துண்டுகளில் தடவி, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் அளவை எழுதினேன். குளித்து வந்த அத்தை, என்னவோ செய் என்று விட்டுவிட்டாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தை விட்டு வந்த பிறகு என் கைக்கு முதல் முறையாக ஒரு வேலை கிடைத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா இரண்டு தரம் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

மாலைக்குள் வேண்டிய நிறம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனாலும் மஞ்சள் கொஞ்சம் துள்ளிக்கொண்டு நின்றது. அதை அடக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அடுப்புக் கரியை இடித்து, துணியில் சலித்து, ஒரு சிட்டிகை போட வேண்டும். அண்ணா பதறிவிட்டார். கல்யாண காரியத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பில் கரியைக் கலப்பதா, உங்கள் அத்தைக்குத் தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்றார். சொல்லாதீங்ணா என்று நானே போட்டுக் கலக்கினேன். காலையில் ஓட்டுத் துண்டைத் திருப்பிப் பார்த்தோம். எருமைப்பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் மேலே படியுமே ஏடு, அந்த நிறம். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. வெயில் பட்டால் கூசாமல் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. என் கறுப்பை மறைக்க ஏற்பாடான அந்த நிறம், கறுப்புச் சேராமல் வரவே மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. ஆசாரம் முழுக்க அடித்துக் காய்ந்ததும், யாரும் சொல்லாமல் நானே போய்ச் சுவரோடு ஒட்டி நின்று, எப்படி இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டேன். அப்போது நான் சிரித்துக்கொண்டு வேறு இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்தார்கள். மேற்குச் சன்னல் வழியாக வெயில் சுவரில் விழுகிற நேரம் அதுதான் என்று அத்தை பார்த்துச் சொன்ன மணி. எனக்குப் பவுடர் பூசி, அரக்குப் புடவை கட்டி, சுவருக்கு முன்னால் போட்ட நாற்காலியில் உட்காரவைத்தாள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, இன்னும் நாலு பேர். மாப்பிள்ளையின் அம்மா உட்காரவில்லை. உள்ளே வந்ததும் அவள் கண் சுவருக்குத்தான் போனது. என்னங்க கலர் இது, இப்படிக் குளுகுளுவென்று இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தாள். கட்டைவிரலால் சுவரை அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒட்டலையே" என்றாள். நல்ல வேலை என்று பாராட்டினாள்.

பிறகு என்னிடம் வந்தாள். தலையில் பூ நழுவுகிறது என்று சரிசெய்கிறவளைப் போலக் குனிந்தாள். அதே கட்டைவிரலை என் காதுக்குக் கீழே வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பவுடர் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். சுவர் தேறிவிட்டது, நான் தேறவில்லை. எழுந்து போயிருக்க வேண்டும். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். காபித் தம்ளரை எடுத்து நீட்டினேன். அப்படி நீட்டிய என் கையைத்தான் இன்றைக்கும் ஓங்கி ஒரு அடி அடிக்கத் தோன்றுகிறது.

மாப்பிள்ளை வாயைத் திறந்தது ஒரே ஒரு தரம். அதுவும் என்னிடம் இல்லை. இது டிஸ்டம்பரா சுண்ணாம்பா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சுண்ணாம்புதானுங்க, எம் பொண்ணுதான் கலந்துச்சு, கெமிஸ்ட்ரி படிச்சிருக்குதுங்க என்றார். என் படிப்பைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச்சு வந்தது அவ்வளவுதான். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். அப்பா அவரை ஆசாரத்தில் உட்காரவைத்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜாதகம் சரியாக அமையவில்லை என்றார். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்தாகிவிட்டது, பங்குனியில் கல்யாணம் என்றார். அப்பா சந்தோஷம் என்று சொன்னார். வந்தவர் மோரைக் குடித்தார். குடித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார். கல்யாணத்துக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்த நிறம் மனசை விட்டுப் போகவே இல்லையாம். அளவு என்ன என்று கேட்டு எழுதி வாங்கி வரச் சொன்னாராம்.

அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்த அளவைக் கொஞ்சம் எழுதிக் குடு."

"நான் எழுதித் தர மாட்டனுங்க" என்றேன்.

வெளி ஆள் முன்னால் அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தரம். அவர் சிரித்து மழுப்பினார். உள்ளறைகளுக்கு அடிக்க அன்றைக்கு அண்ணா வந்திருந்தார். அப்பா அவரைக் கூப்பிட்டு அளவு கேட்டார். அண்ணா சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். தீப்பெட்டிக் கணக்கு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். கரி உட்பட.

"கண்ணளவுலதானுங்க போட்டது. நெனப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் வீட்டில் எனக்காக ஒருவர் பொய் சொன்னார் என்றால் அது அவர் மட்டும்தான்.

அதோடு விட்டிருக்கலாம். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அப்பாவுக்கு மனசு வரவில்லை. சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து, உள்ளங்கை அளவுக்குச் சுவரைச் சுரண்டினார். உதிர்ந்த பொருக்குகளைப் பேப்பரில் மடித்து, இதைக் காட்டினால் கோயமுத்தூர்க் கடையில் கலந்து கொடுப்பார்கள் என்று மரியாதையாக நீட்டினார். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் வரைக்கும் போய் அப்பா வழியனுப்பினார். என் அப்பா கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு வயிறு அப்படி எரிந்தது. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். இனி யார் வந்தாலும் நான் ஆசாரத்துக்கு வரமாட்டேன் என்றேன். என்னோடு பேச வேண்டும் என்கிறவர் இருந்தால் உள்ளே வந்து பேசட்டும், உட்காரவைத்துப் பார்ப்பதற்கு இனி நான் இல்லை என்றேன். ஒரு சுண்ணாம்புக்கு இத்தனை வீம்பா என்று அப்பா கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

என் வீம்பு நாலு நாளில் இறங்கிவிடும் என்று நினைத்தார்கள். மாசி கடைசியில் அத்தை அடுத்த கூட்டத்தை அழைத்து வந்தாள். நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். அத்தை கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் திட்டினாள். அப்பா வந்து என் பேரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசாரத்தில் வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு அவர்களில் யாரோ ஒரு பெண், பொண்ணு எங்கீங்க என்று கேட்டாள். அப்பாவின் குரல் வரவில்லை. எப்போதும் முந்திக்கொள்கிற அத்தையின் குரலும் வரவில்லை. கேட்டது அம்மாவின் குரல். வந்தவர்களுக்கு முன்னால் அவள் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை.

"புள்ளை வராதுங்க. செவுத்தைப் பாத்துட்டுப் போங்க."